கணக்குப்பிள்ளை மகள் நாடகம் படிக்கப் போகிறாள்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவர்களைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அடுத்து என்ன?" இதற்கு ஊர் ஏற்றுக்கொண்ட பதில்கள் ஐந்தாறு இருக்கின்றன. சி.ஏ., எம்.பி.ஏ., எம்.காம்., பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி. இதில் எதைச் சொன்னாலும் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார். நான் கொஞ்ச நாளாக வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். "எம்.ஏ. நாடகம்." டம்ளர் பாதி வழியில் அப்படியே நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு வருகிற கேள்விகளும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. யார் கேட்டாலும் வரிசைகூட மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனி யாராவது கேட்டால் "போய்ப் படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடலாம் பாருங்கள்.

கேள்வி 1: "அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?"

இருக்கிறது. அதுவும் நேற்று முளைத்ததில்லை. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1959-ல் தொடங்கியது. 1962 முதல் 1977 வரை இப்ராஹிம் அல்காசி அதன் இயக்குநராக இருந்தார். இன்றைக்கு இந்தியாவில் 'டிரெய்ன்டு ஆக்டர்' என்று யாரையாவது சொன்னால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இவர் நிழல் இருக்கும். அங்கே மூன்று வருஷம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நாடகத்தில் நடித்த அனுபவம் வேண்டும், இந்தியும் ஓரளவு வரவேண்டும். (என் இந்தி 'நஹி மாலும்' அளவில் நிற்கிறது. எனவே டெல்லி கட்.)

பக்கத்திலேயே வேறு இடங்கள் இருக்கின்றன. கேரளத்தில் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977-ல் ஜி. சங்கரப் பிள்ளையின் தலைமையில் ஆரம்பித்தது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரங்கக் கலைத் துறை இருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்து நாடகத்துறையில்தான் அல்காசியிடம் படித்த செ. இராமானுஜம் பாடம் நடத்தினார். கிரேக்க நாடகம் ஒன்றை நம் ஊர் ஒப்பாரியோடு சேர்த்து 'வெறியாட்டம்' என்று மேடையேற்றியவர் அவர். நான் குறிவைத்திருப்பது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அங்குள்ள நாடகப் பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் வைத்தார்கள். அதன் ஆரம்ப காலத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இந்திரா பார்த்தசாரதி, 'ஔரங்கசீப்', 'நந்தன் கதை' நாடகங்களை எழுதியவர்.

சேருவது எப்படி என்று கேட்கும் இரண்டு மூன்று பேருக்காக: பல மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022-லிருந்து முதுகலைச் சேர்க்கைக்கு சியூஇடி பொதுத் தேர்வைப் பயன்படுத்துகின்றன. அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"சரி, ரெண்டு வருஷம் அங்க என்னதான் சொல்லித் தருவாங்க? அழுறதையும் சிரிக்கிறதையுமா?" என்றாள் என் பெஞ்ச் தோழி. நடிப்பு ஒரு பகுதிதான். குரல், உடல் அசைவு, ஒப்பனை, உடை, ஒளி அமைப்பு, மேடை அமைப்பு, இயக்கம், நாடக வரலாறு எல்லாம் உண்டு. நாட்டிய சாஸ்திரமும் வரும், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் வருவார், பிரெக்டும் வருவார். கூத்தும் வரும்.

எனக்கு இதில் ஆசை பிடித்த இடம் எது தெரியுமா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. பிளஸ் டூ வரை சிலப்பதிகாரம் என்றால் சிலம்பு, கண்ணகி, மதுரை எரிந்தது, அவ்வளவுதான். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஒரு சிவில் இன்ஜினியர் மாதிரி அளவு கொடுக்கிறார். இருபத்து நான்கு பெருவிரல் நீளம் ஒரு கோல். மேடை 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். உள்ளே வர ஒரு வாசல், போக ஒரு வாசல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. அப்புறம் ஒரு விஷயம் சொல்கிறார்: தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும். நம் கல்லூரி ஆண்டு விழா மேடையில் ஃபோகஸ் லைட்டு போட்டு, நடிப்பவர் மூக்கு நிழல் அவர் வாயிலேயே விழுந்ததைப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் தீர்த்துவைத்த பிரச்சினை அது.

கேள்வி 2: "சினிமாவுக்குப் போகப் போறியா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் உடனே அவர்களே ஒரு பெயரையும் சொல்லிவிடுவார்கள். விஜய் சேதுபதி. அவர் பி.காம். படித்தவர், துபாயில் கணக்கு வேலை பார்த்தவர், சென்னை கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்து அங்கே நடிகர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்பது ஊரறிந்த கதை. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று இன்னும் பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நமக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனவே அந்தக் கதையை நான் என் வரவுப் பக்கத்தில் எழுதவில்லை.

எனக்கு ஏன் நாடகம் என்றால், இரண்டாம் வருஷ என்.எஸ்.எஸ். முகாமில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஏழு நாள் முகாம். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம். பகலில் கண்மாய்க் கரையில் கருவேல முள் வெட்டுவோம், சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்புவோம். குடும்பக் கடன் பற்றிய படிவம். "வங்கிக் கடன் உண்டா? மகளிர் குழுக் கடன் உண்டா? தனியாரிடம் வட்டிக்கு வாங்கியது உண்டா?" மூன்றாவது கேள்விக்கு நாங்கள் போன எல்லா வீட்டிலும் ஒரே பதில். "அதெல்லாம் இல்லம்மா." நாங்களும் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போனோம்.

ஐந்தாவது நாள், பிள்ளைகளுக்குச் சிறுசேமிப்பு பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி. பேச்சு வேண்டாம், நாடகமாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. "ஒரு வீடு, அப்பா அம்மா, பணத் தட்டுப்பாடு, யாராவது உதவிக்கு வர்றாங்க. நீங்களே நடிங்க" என்று விட்டுவிட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அதுவரை நான்கு நாளாக எங்களிடம் பேர்கூடச் சரியாகச் சொல்லாதவள், "நான் தண்டல்காரரா வாரேன்" என்றாள்.

வந்தாள் பாருங்கள்! ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதுதான் பைக் என்று அதன்மேல் உட்கார்ந்தாள். கீழே இறங்கவே இல்லை. வண்டியில் இருந்தபடியே ஆரன் அடித்தாள். காதில் பேனா, சட்டைப் பையில் சின்ன அட்டை. "பத்தாயிரம் வேணுமா? இந்தா எட்டாயிரத்து ஐநூறு. தினம் நூறு, நூறு நாள்" என்று எண்ணிக் கொடுத்தாள். அம்மாவாக நடித்த பிள்ளை, "மிச்சம் எங்கண்ணே?" என்று கேட்டதற்கு, "அது வட்டி, மொதல்லயே பிடிச்சாச்சு" என்றாள். மறுநாள் என்று ஒரு காட்சி. பணம் இல்லை என்றதும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "நாளைக்கு ரெண்டாப் போட்ருக்கா" என்று அட்டையில் ஒரு சுழி சுழித்தாள்.

சுற்றி நின்ற பொம்பளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நான்கு அம்மாக்கள் வந்தார்கள். நாங்கள் டிக் அடித்திருந்த படிவத்தைத் திருத்தச் சொல்லி வரவில்லை, அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். "இதுக்கு உண்மையிலேயே எத்தனை வட்டி ஆகுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க கண்ணு" என்றார்கள்.

கணக்குப் போட்டோம். 8,500 ரூபாய்க்கு 1,500 ரூபாய் என்றால் மேலோட்டமாக 100 நாளைக்குப் பதினேழரை சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசலும் தினம் தினம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், சராசரியாக அவர்கள் கையில் இருக்கும் பணம் பாதிதான். அப்படிப் பார்த்தால் 100 நாளைக்குக் கிட்டத்தட்ட 35 சதவீதம். ஒரு வருஷத்துக்கு நூற்று இருபதைத் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது என்றும் சொன்னோம். அவர்களுக்கு அந்தச் சட்டத்தைவிட அந்த 35 தான் அதிர்ச்சியாக இருந்தது.

நான் பி.காமில் கற்ற கணக்கு அன்றைக்கு ராத்திரி பயன்பட்டது. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கான எண்களை வெளியே கொண்டுவந்தது படிவம் அல்ல. ஒரு கவிழ்த்த குடமும் காதில் செருகிய பேனாவும்தான். அந்தப் பிள்ளையை அங்கே உட்காரவைப்பதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யாமல் இருக்க வேண்டும் என்பதை ஒழுங்காகப் படிக்க ஆசைப்படுகிறேன். அன்றைக்கு அது தானாக நடந்துவிட்டது. அடுத்த ஊரிலும் தானாக நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் படிப்பு.

ஆக, நான் போக நினைப்பது சினிமாவுக்கல்ல, பள்ளிக்கூடத்துக்கு. 2005-ன் தேசியக் கலைத்திட்ட வரைவு, இசை, நடனம், ஓவியத்தோடு நாடகமும் பத்தாம் வகுப்பு வரை பாடமாக இருக்க வேண்டும் என்று சொல்லியது. உங்கள் பள்ளியில் நாடக ஆசிரியர் என்று ஒருவரைப் பார்த்திருந்தால் கை தூக்குங்கள். அதேதான். காலி இடம் பெரிதாக இருக்கிறது. அது வேலைவாய்ப்பா, வெறும் பள்ளமா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி 3: "சோத்துக்கு என்ன பண்ணுவ?"

இதைக் கேட்டது என் மாமா. நியாயமான கேள்வி. இதற்கு நாடகக்காரர்களிடம் பதில் தேடினால் "கலை, தியாகம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பதில் கிடைத்தது ஒரு பொருளாதார நிபுணரிடம்.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1966-ல் நிகழ்கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். விஷயம் இதுதான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் முன்பைவிட அதிகமாக உற்பத்தி செய்வார், எனவே அவர் சம்பளம் ஏறலாம். ஆனால் ஐந்து பேர் அரை மணி நேரம் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றைக்கும் ஐந்து பேர், அரை மணி நேரம். வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. மற்ற வேலைகளில் சம்பளம் ஏற ஏற, கலைஞர்களுக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் உற்பத்தி ஏறாது. எனவே கலை வருஷா வருஷம் விலை கூடிக்கொண்டே போகும். டிக்கெட் பணம் மட்டும் போதாது, யாராவது தாங்க வேண்டும்.

இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். பங்குனிப் பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' போடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. நடிகர்கள், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர், எட்டு மணி நேரம் என்று வையுங்கள். 80 மணி நேர உழைப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் போட்டாலும் அதே 80.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கர். அவர் சேர்ந்தபோது அந்த மண்டியில் கணக்கு எழுத நான்கு பேர். பேரேடு, நாட்குறிப்பேடு, சிட்டை என்று ஆளுக்கு ஒன்று. டாலி வந்தது. இப்போது அப்பா மட்டும்தான் இருக்கிறார். மற்ற மூன்று பேரின் இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் இருக்கின்றன.

'நிலையான தொழில்' என்று எல்லோரும் எனக்குச் சொல்லும் தொழிலில் நான்கு பேர் ஒருவராகிவிட்டார்கள். 'நிலையில்லாத தொழில்' என்று பயமுறுத்துகிற தொழிலில் பத்துப் பேர் இன்னும் பத்துப் பேராகவே இருக்கிறார்கள். முருகன் வேடத்தையும் நாரதர் வேடத்தையும் ஒரே ஆளாகச் சேர்த்து டாலியில் போட முடியாது. இதை மாமாவிடம் சொன்னேன். "சரி, ஆனா அந்தப் பத்துப் பேரு என்ன சம்பாதிக்கிறாங்க?" என்றார். அதுவும் நியாயம்தான். பாமோல் சொன்னதில் பாதி நல்ல சேதி, பாதி கெட்ட சேதி. ஆளைக் குறைக்க முடியாது, அதே காரணத்தால் கூலியையும் சுலபமாக ஏற்ற முடியாது. இதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. நான் பணக்காரி ஆகப்போவதில்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் நாடகம் ஒரு பாடமாக இருக்கிறது. அதை எழுதினால் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு முயலலாம். பள்ளிகளில் பயிற்சி கொடுக்கலாம். குழுக்களுக்கு வரவு செலவு பார்க்க ஆள் கிடைப்பதில்லை, அதையும் பார்க்கலாம். (500 ரூபாய் வரையான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜி.எஸ்.டி. பேப்பரில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.)

கேள்வி 4: "வேலை பார்த்துக்கிட்டே சைடுல செய்யலாமே?"

செய்யலாம். அப்படிச் செய்த பெரிய ஆள் ஒருவர் இருந்தார். பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலாக இருந்தார், நீதிபதி ஆனார், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களும் எழுதினார். பகலில் கோர்ட், மாலையில் ஒத்திகை. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் நாடகத்தில் நடிக்கலாம் என்ற மரியாதையை உண்டாக்கியதில் அவர் பங்கு பெரிது.

இன்னொரு பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் முதலில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? உப்பளத்தில் கணக்கர்! இதைப் படித்த அன்றைக்கு நான் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கணக்கை மூடிவைத்துவிட்டு 24 வயதில் நாடகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. நடித்தார், எழுதினார், சொல்லிக்கொடுத்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயிற்சி பெற்றவர்கள். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். இன்றைக்கும் கிராமத்தில் 'வள்ளி திருமணம்' நடக்கிறது என்றால், அது சுவாமிகள் போட்டுவைத்த பாதை.

இரண்டு பேரில் யார் உசத்தி என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். முதலியாருக்கு சென்னையில் ஒரு வீடு, ஒரு தொழில், அவரைப் போலவே மாலை நேரம் கிடைக்கிற நண்பர்கள் இருந்தார்கள். சைடில் செய்ய ஒரு 'சைடு' வேண்டும் இல்லையா? மார்ச் மாதத்தில் ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்ன சைடு இருக்கப் போகிறது? ஒன்பது மணிக்கு ஒத்திகைக்குப் போகிறேன் என்றால் எங்கள் தெருவில் யார் விடுவார்கள்?

கேள்வி 5: "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?"

இதை நேராகக் கேட்டது அத்தை மட்டும்தான். மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்டார்கள்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனிகள்தான் அந்தக் காலத்து நாடகப் பள்ளிகள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, பாட்டு, வசனம், அடி உதை எல்லாம். பேரிலேயே இருக்கிறது, பாய்ஸ் கம்பெனி. பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். அதே காலத்தில் பெண்கள் மேடைக்கு வராமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டும் வைத்து ஒரு கம்பெனியையே நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் மேடையில் பாடியே கூட்டத்தைக் கட்டிப்போட்டார், பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். ஆனால் இவர்கள் பையன்களைப் போல ஒரு பள்ளியில் சேர்ந்து படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. வழி தெரியாத காட்டில் அவரவர் வெட்டிக்கொண்டு போன பாதை.

ஸ்பெஷல் நாடக நடிகைகளைப் பற்றி சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரைப் பக்கம் தங்கி ஆராய்ந்து 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேடையில் அத்தனை பேர் முன்னால் நிற்கிற பெண், நாடகத்துக்குப் போகிற வழியில் தன்னை நடிகை என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்பதை அதில் விவரமாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் செய்வதும் நாடகம், நான் படிக்கப்போவதும் நாடகம். அவர்களைக் 'கூத்தாடி' என்றும் என்னை 'எம்.ஏ.' என்றும் ஊர் சொல்லும். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் கொடுப்பது அதுதான்: ஒரு ஹாஸ்டல், ராத்திரி ஒத்திகைக்கு அனுமதி, அதற்கு மேல் "என் மக படிக்கிறா" என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம். பாய்ஸ் கம்பெனி பையன்களுக்குக் கொடுத்ததை நூறு வருஷம் தாமதமாக எனக்கு இது கொடுக்கிறது. நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

கேள்வி 6: "அப்பா என்ன சொன்னாரு?"

அப்பாவிடம் உணர்ச்சியாகப் பேசினால் வேலைக்கு ஆகாது. இரண்டு பத்தி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் சி.ஏ., வலது பக்கம் நாடகம். 2023-லிருந்து சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருஷம்தான். எம்.ஏ.வும் இரண்டு வருஷம். அந்த வரி சமம். கட்டணம், ஹாஸ்டல், பயணம், இரண்டு பக்கமும் உத்தேச வருமானம். வருமான வரியில் வலது பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் உள்ளது உள்ளபடி எழுதினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டலைச் சரிபார்த்தார். (சரியாகத்தான் இருந்தது.) அப்புறம் பேனாவை எடுத்து வலது பக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். 'வராக்கடன் ஒதுக்கீடு.'

"தாயி, எந்தக் கணக்குக்கும் இது வேணும். இது வரலைன்னா என்ன செய்வ?"

வாங்கிய பி.காம். எங்கும் போகாது என்றேன். ஐம்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் காமர்ஸ் பட்டதாரி நேராக சி.ஏ. இன்டருக்குப் பதிவு செய்யலாம், அதற்கு இத்தனை வயதுக்குள் என்று வரம்பு இல்லை. 26 வயதில் சி.ஏ. ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள். 26 வயதில் இரண்டு வருஷம் நாடகம் படிக்கிறேன் என்று சொன்னால் இந்த வீட்டில் நடக்குமா என்று கேட்டேன். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை.

"அந்த சுவாமிகள் திரும்ப உப்பளத்துக்கு வேலைக்குப் போனாரா?" என்று கேட்டார்.

"போகலப்பா."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம். மூணாவது வருஷம் உன் சாப்பாட்டுக் கணக்கை நீதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பேரேட்டுக்குள் வைத்துக்கொண்டார். மண்டியிலிருந்து மற்ற மூன்று பேரும் போனதை என்னைவிட அவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சியூஇடி-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் ஏதாவது ஒரு குழுவோடு இருந்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

அம்மா மட்டும் இன்னும் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டில் "மேல்படிப்புக்குப் பாண்டிச்சேரி போகப் போறா" என்று சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். என்ன மேல்படிப்பு என்று அவர்கள் இதுவரை கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பார்கள். அன்றைக்கு அம்மா என்ன பதில் சொல்கிறாள் என்பதுதான் எனக்கு முதல் நுழைவுத் தேர்வு. சியூஇடி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.